இந்தப் பணம் யாருடையது? ஒழுங்குமுறை ஆணையங்களின் கணக்கைத் தணிக்கை செய்து கற்றவை

ஒரு சந்தையையோ துறையையோ கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆண்டுக் கணக்கு பார்வைக்கு எளிதாகத்தான் இருக்கும். தொழிற்சாலை கிடையாது, சரக்கிருப்பு கிடையாது, கொள்முதல், விற்பனை எதுவும் கிடையாது. செலவுப் பக்கத்தில் சம்பளம், வாடகை, பயணப்படி, வழக்கறிஞர் கட்டணம், கணினி. வரவுப் பக்கத்தில் கட்டணம், மானியம், வட்டி. தணிக்கைக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான் நினைப்பார்கள்.

பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தபின் எனக்குத் தெரிந்த வரையில், இந்தக் கணக்குகளின் சிக்கல் முழுவதும் ஒரே கேள்வியில் இருக்கிறது. ஆணையத்தின் வங்கிக் கணக்கில் கிடக்கும் பணம் யாருடையது? சில சமயம் அது ஆணையத்துடையது. சில சமயம் அரசின் வருவாய் சேரும் தொகுப்பு நிதிக்குப் போகவேண்டியது. சில சமயம் யாரோ ஒரு முதலீட்டாளருக்கோ உரிமதாரருக்கோ திருப்பித் தரவேண்டியது. வங்கிப் புத்தகத்தில் எல்லாம் ஒரே மாதிரி வரவுதான். பேரேட்டில் எந்தத் தலைப்பில் பதிகிறோம் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன.

முதலில் நாம் எந்த அதிகாரத்தில் உள்ளே போகிறோம் என்பது தெளிவாக இருக்கவேண்டும். நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அமைப்புகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) தணிக்கை செய்வது 1971-ஆம் ஆண்டின் சிஏஜி சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி. ஆனால் எப்படிச் செய்யவேண்டும் என்பதை அந்தந்த அமைப்பின் சொந்தச் சட்டம்தான் சொல்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தொலைத்தொடர்புத் துறையைக் கண்காணிக்கும் டிராய்க்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நிறுவனங்களுக்கிடையே நியாயமான போட்டியைக் காக்கும் போட்டி ஆணையத்துக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 104-ஆம் பிரிவு. ஆகவே பேரேட்டைத் திறப்பதற்கு முன்னால் அந்த ஆணையத்தின் சட்டத்தை முழுவதும் படித்துவிடுவது என் வழக்கம். நிதி, கணக்கு, அபராதம் என்ற தலைப்புகளில் வரும் பிரிவுகளை மட்டுமாவது தனியாக எழுதி வைத்துக்கொள்வேன். பின்னால் வரும் வாக்குவாதங்களில் பாதி அந்த ஒரு தாளிலேயே தீர்ந்துவிடும்.

அப்படிப் படித்தால்தான் தணிக்கைக்கும் ஓர் எல்லை இருப்பது தெரியவரும். டிராய் சட்டத்தின் 23-ஆம் பிரிவிலும் போட்டிச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலும் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகக் கூடிய முடிவுகள் இந்தத் தணிக்கைக்கு உட்பட்டவை அல்ல என்பது அதன் சாரம். இது நல்ல ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு அபராதம் போடலாம் என்பதில் கணக்குத் தணிக்கையாளர் மூக்கை நுழைத்தால் ஆணையத்தின் சுதந்திரம் போய்விடும்.

ஆனால் இந்த எல்லையைச் சிலர் தேவைக்கு மேல் நீட்டிப் பிடிப்பார்கள். ஓர் ஆணையத்தில் நான் அபராதப் பதிவேட்டைக் கேட்டபோது, கணக்குப் பிரிவு அதிகாரி மிகவும் மரியாதையாகவே சொன்னார்: “சார், இதெல்லாம் அப்பீலுக்குப் போகிற உத்தரவுகள். இதை ஆடிட் கேட்க முடியாதே.” நான், “மேடம், உத்தரவு சரியா தப்பா என்று நான் கேட்கவில்லை. உத்தரவில் சொன்ன தொகை வந்ததா, எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தலைப்பில் போட்டீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்” என்றேன். பதிவேடு வந்தது. அதற்குப் பிறகு தணிக்கைக் குறிப்பு எழுதும்போதெல்லாம் இந்தப் பிரிவினையை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ‘உத்தரவின் தகுதி குறித்து இக்குறிப்பு எதையும் சொல்லவில்லை’ என்று ஒரு வரி போட்டால் எதிர்த்தரப்புக்கும் நிம்மதி, நமக்கும் வேலை நடக்கும்.

அபராதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பார்த்த கணக்குகளில் மிகவும் அடிப்படையான பிழை இங்கேதான் இருந்தது. ஆணையம் ஒன்று வசூலித்த அபராதத்தைத் தன் ‘இதர வருமானம்’ தலைப்பில் காட்டியிருந்தது. அந்த ஆண்டு வருமானம் செலவை விட அதிகம் என்று உபரி வேறு காட்டியிருந்தார்கள். அபராதத்தை எடுத்துவிட்டால் அந்த உபரியில் பெரும்பங்கு காணாமல் போனது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. செபி சட்டத்தின் 15ஜேஏ பிரிவு, அபராதமாக வந்த தொகை இந்தியத் தொகுப்பு நிதியில் வரவு வைக்கப்படவேண்டும் என்கிறது. போட்டிச் சட்டத்தின் 47-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. செபியின் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. முறைகேடாகச் சம்பாதித்த லாபத்தைப் பறிமுதல் செய்து வாங்கும் தொகை தொகுப்பு நிதிக்குப் போகாது. 11-ஆம் பிரிவின்படி அது முதலீட்டாளர் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதிக்குப் போகவேண்டும். ஒரே உத்தரவில், ஒரே ஆளிடமிருந்து, ஒரே நாளில் வாங்கிய பணம் இரண்டு வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து போகிறது. வங்கிக்கு வந்த தொகையை மட்டும் பார்த்துப் பதிந்தால் இப்படிப் பிரிவது தெரியவே தெரியாது. உத்தரவின் கடைசிப் பக்கத்தைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

சட்டம் ஏன் இப்படிப் பிரிக்கிறது என்பதைக் கணக்குப் பிரிவினருக்கு எடுத்துச் சொல்வது பயனுள்ளது. தான் போடும் அபராதத்தையே தன் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பு, நாளாக நாளாக அபராதத்தை வருமானமாகப் பார்க்கத் தொடங்கிவிடும். அப்புறம் அதன் நடுநிலையை யார் நம்புவார்கள்? தண்டிக்கும் கை வேறு, செலவழிக்கும் பை வேறு என்று சட்டம் வைத்திருப்பது அதற்காகத்தான். ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் ஒரு வரி நுழைந்தால் அந்தச் சுவரில் ஓட்டை விழுகிறது. அதனால்தான் தொகை சிறியதாக இருந்தாலும் இந்தப் பிழையை நான் விட்டுக்கொடுப்பதில்லை. வேறு விஷயங்களில் தொகை சிறியதென்றால், அறிக்கையில் சேர்க்காமல் நிர்வாகத்துக்குத் தனியாக எழுதும் மேலாண்மைக் கடிதத்தோடு விட்டுவிடலாம். இதில் கூடாது.

ஆண்டு இறுதியில் அபராதப் பணம் கைவசம் இருந்தால் அது பொறுப்புப் பக்கத்தில், ‘அரசுக்குச் செலுத்தவேண்டியது’ என்று வரவேண்டும். அதற்கு வட்டி வந்திருந்தால் அந்த வட்டி யாருக்கு என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் அசல் சரியான தலைப்பில் இருக்கும், வட்டி மட்டும் சத்தமில்லாமல் ஆணையத்தின் வருமானத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்தது, கணக்கில் இருப்பதைச் சரிபார்ப்பதை விடக் கணக்கில் இல்லாததைக் கண்டுபிடிப்பது. நிறுவனத் தணிக்கையிலிருந்து வருகிறவர்கள் பேரேட்டிலிருந்து வவுச்சருக்குப் போகப் பழகியிருப்பார்கள். ஒழுங்குமுறை ஆணையத்தில் எதிர்த்திசையில் போகவேண்டும். இந்த ஆணையங்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உத்தரவுகளையும் உரிமதாரர் பட்டியலையும் பெரும்பாலும் தங்கள் இணையதளத்திலேயே வெளியிடுகின்றன. ஆண்டின் எல்லா உத்தரவுகளையும் அங்கிருந்து இறக்கி, தேதி, தொகை, செலுத்தக் கெடு என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்வேன். பிறகுதான் பேரேட்டுக்குப் போவேன். அட்டவணையில் இருந்து பேரேட்டில் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் இருக்கவேண்டும்: தீர்ப்பாயம் தடை கொடுத்தது, தவணை அனுமதித்தார்கள், வசூல் அதிகாரியிடம் போயிருக்கிறது, இப்படி. பதில் இல்லாத வரிகள்தான் நம் வேலை.

உரிமதாரர் பட்டியலையும் அதேபோல வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேர், ஒவ்வொருவரும் எந்த வகை, அந்த வகைக்கு விதிப்படி கட்டணம் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு வந்திருக்கவேண்டிய தொகை கிடைக்கும். கணக்கில் உள்ள தொகையோடு அது அப்படியே பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை. வித்தியாசத்தை விளக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு தடவை இந்தப் பெருக்கலைச் செய்ததில், ஒரு குறிப்பிட்ட வகை உரிமதாரர்கள் அனைவருமே பழைய விகிதத்தில் செலுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. விதி திருத்தப்பட்டிருந்தது, ஆனால் கட்டணம் வாங்கும் மென்பொருளில் யாரும் மாற்றவில்லை. ஒரு வவுச்சரைக் கூடப் புரட்டாமல் கண்டுபிடித்தது அது.

கட்டணத்தில் இன்னொரு பொறி மார்ச் மாதம். அடுத்த ஆண்டுக்கான கட்டணத்தை மார்ச் கடைசி வாரத்திலேயே பலர் செலுத்திவிடுவார்கள். அது அந்த ஆண்டின் வருமானம் அல்ல, முன்பணம். ஐந்தாண்டுக்கு உரிமம் என்றால் முழுக் கட்டணத்தையும் வந்த ஆண்டிலேயே வருமானமாகக் காட்டலாமா, பிரித்துக் காட்டவேண்டுமா என்பதற்குக் கட்டணத்தின் தன்மையைப் பார்க்கவேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கட்டணமா, ஐந்தாண்டும் கண்காணிப்பதற்கான கட்டணமா? எதை எடுத்தாலும், கணக்குக் கொள்கைக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார்களோ அதைத்தான் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொள்கைக் குறிப்பில் ‘அக்ரூவல் முறை’ (பணம் கைக்கு வரும் நாளில் அல்லாமல், வரவேண்டிய காலத்தில் பதிவது) என்று எழுதிவிட்டு, கட்டணத்தை மட்டும் கைக்கு வந்த நாளில் பதிகிற ஆணையங்களைப் பார்த்திருக்கிறேன்.

இணையவழிப் பணம் வந்தபிறகு ‘அடையாளம் தெரியாத வரவு’ என்ற தலைப்பு வீங்கிக்கொண்டே போகிறது. யாரோ பணம் அனுப்புகிறார்கள், எதற்கு என்று குறிப்பிடுவதில்லை, எந்தத் தலைப்பு என்று தெரியும் வரை தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் பணம் உட்கார்ந்துவிடுகிறது. இதை எழுதும்போது தொகையை மட்டும் சொல்லாமல் வயதையும் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்டது, ஓராண்டுக்கு உட்பட்டது, மூன்றாண்டு தாண்டியது என்று பிரித்துக் காட்டினால்தான் நிர்வாகம் அசையும். பணம் செலுத்திய உரிமதாரருக்குப் ‘பாக்கி’ என்று நோட்டீஸ் போயிருக்கும், அவர் செலுத்திய பணமோ இங்கேயே சஸ்பென்ஸில் கிடக்கும். இதில் பாதிக்கப்படுவது வெளியே இருக்கும் ஒரு மனிதர் என்பதை மறக்கக் கூடாது.

மானியம் பெறும் ஆணையங்களில் பார்க்கவேண்டியது வட்டி. 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 230-ஆம் விதியின் 8-ஆவது உட்பிரிவு, மானியத் தொகைக்குக் கிடைத்த வட்டியைக் கணக்கு இறுதியானவுடன் தொகுப்பு நிதிக்குச் செலுத்தவேண்டும் என்கிறது. மானியம் வந்த கையோடு வைப்புத்தொகையில் போடுவார்கள். சொந்தக் கட்டண வருமானமும் அதே வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வட்டி வரும். எவ்வளவு அரசுக்கு, எவ்வளவு ஆணையத்துக்கு? பிரிக்க வழியே இல்லாதபடி கலந்துவிட்டால் பிறகு அனுமானத்தில்தான் பிரிக்கவேண்டும், அனுமானம் எப்போதும் ஆணையத்துக்குச் சாதகமாகவே இருக்கும். மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைக்கச் சொல்வதுதான் இதற்கு ஒரே மருந்து. செலவழிக்காத மானியமும் இப்படித்தான்: மானியத்தைச் செலவிட்ட விவரம் சொல்லி அரசுக்குத் தரும் பயன்பாட்டுச் சான்றிதழில் ஒரு தொகை, இருப்புநிலைக் குறிப்பில் வேறு தொகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரே அலுவலகத்தின் இரண்டு மேசைகள் இரண்டு எண்களை அனுப்பியிருப்பதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

கணக்கில் இருக்கும் தொகையை வங்கி எழுதித் தரும் உறுதிச் சான்றை நேரடியாக வங்கியிடமிருந்து நம் அலுவலக முகவரிக்கே வரவழையுங்கள். ஆணையம் வாங்கித் தந்த நகல் உறுதிச் சான்று ஆகாது.

சொந்தக் கட்டடம் கட்டும் ஆணையம் என்றால் ஒரு விஷயம் கிட்டத்தட்ட நிச்சயமாக அகப்படும். பொதுப்பணித் துறைக்கோ வேறோர் அரசு முகமைக்கோ வைப்புப் பணியாக, அதாவது முன்கூட்டியே பணம் கட்டிச் செய்விக்கும் வேலையாக, பணம் கொடுத்திருப்பார்கள். அது ‘முன்பணம்’ என்றோ ‘நடைபெறும் மூலதனப் பணி’ என்றோ இருப்புநிலைக் குறிப்பில் ஆண்டுக்கணக்கில் தொடரும். நாமோ அதே கட்டடத்தில், அதே ஆணையத்தின் கூட்ட அறையில் உட்கார்ந்துதான் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம். குடியேறியாகிவிட்டது, மின்விளக்கு எரிகிறது, கணக்கில் மட்டும் பணி முடியவில்லை. ‘இறுதி பில் இன்னும் வரவில்லை’ என்பார்கள். பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து சொத்தாக எடுத்துத் தேய்மானம் போடவேண்டும். இறுதி பில் வந்ததும் வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஒப்படைப்புச் சான்றின் தேதி, முதல் மின்கட்டண ரசீதின் தேதி, பழைய வாடகைக் கட்டடத்தைக் காலி செய்த தேதி மூன்றையும் குறிப்பில் இணைத்துவிட்டால் விவாதம் நீளாது.

ஊழியர் ஓய்வூதியப் பலன்களுக்கு ஏஎஸ் 15 கணக்குத் தரநிலையின்படி காப்புக்கணிப்பாளர் (எதிர்காலப் பொறுப்பைக் கணக்கிடும் ஆக்சுவரி) மதிப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். வேறு அரசுத் துறையிலிருந்து அயல்பணியில் வந்தவர்களுக்கு ஓய்வூதியப் பங்களிப்பும் விடுப்புச் சம்பளப் பங்களிப்பும் தாய்த்துறைக்குப் போயிருக்கிறதா என்பதும் முக்கியம். வங்கி உத்தரவாதங்கள் இருப்புநிலைக் குறிப்பில் வராது, ஆகவே கண்ணில் படாது; பதிவேட்டை வாங்கிக் காலாவதித் தேதிகளை மட்டும் ஒரு பார்வை பாருங்கள். காலாவதியான உத்தரவாதம் வெறும் தாள்.

இதையெல்லாம் தாண்டி, தனி ஒரு ஆணையத்தோடு தீராத ஒரு கேள்வியும் உண்டு. சேர்ந்து கிடக்கும் உபரி யாருடையது? ஒழுங்குமுறை அமைப்புகளின் நிதி அரசின் பொதுக் கணக்கில் வைக்கப்படவேண்டும் என்று நிதி அமைச்சகம் 2005-இல் அறிவுறுத்தியது. பல அமைப்புகள் தொடர்ந்து வங்கிகளிலேயே வைத்திருந்தன. சிஏஜி அறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டின. 2019-இல் செபி சட்டத்தின் 14-ஆம் பிரிவுக்குத் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆண்டு உபரியில் 25 சதவீதம் காப்பு நிதிக்கு, அதற்கும் ஓர் உச்சவரம்பு, மீதி தொகுப்பு நிதிக்கு என்பது அதன் ஏற்பாடு. ஆணையத்தின் நிதிச் சுதந்திரம் போகிறது என்று ஒரு தரப்பு, கட்டணமும் மக்கள் பணம்தானே என்று இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், சந்தையைக் கண்காணிக்கிறவர் சம்பளத்துக்காக அமைச்சகத்தின் வாசலில் நிற்கக் கூடாது. அதே சமயம், செலவுக்குத் தேவையானதற்கு மேல் பல மடங்கு சேர்ந்தால் முதலில் கட்டணத்தைக் குறைக்கவேண்டும். தணிக்கைக் குறிப்பில் இந்தக் கருத்துக்கு இடமில்லை. சட்டமும் அறிவுறுத்தலும் என்ன சொல்கின்றன, பணம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தவேண்டும்.

கால அட்டவணையைப் பற்றி. பொது நிதி விதிகளின் 237-ஆம் விதிப்படி, மத்திய தன்னாட்சி அமைப்புகள் ஒப்புதல் பெற்ற கணக்கை ஜூன் 30-க்குள் தணிக்கைக்குத் தரவேண்டும், இறுதித் தனித் தணிக்கை அறிக்கை (அந்த அமைப்பின் கணக்கு பற்றிச் சிஏஜி தரும் அறிக்கை) அக்டோபர் 31-க்குள் போகவேண்டும், நாடாளுமன்றத்தில் வைப்பதற்காக டிசம்பர் 31-க்குள் அமைச்சகத்துக்குச் சேரவேண்டும். நடைமுறையில் கணக்கு தாமதமாக வரும், கெடு மட்டும் நகராது. ஆகவே மேலே சொன்ன அட்டவணைகளைக் கணக்கு கைக்கு வருவதற்கு முன்பே தயாரித்துவிடுங்கள். உத்தரவுகளும் உரிமதாரர் பட்டியலும் ஏப்ரலிலேயே கிடைக்கும். அதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம்.

நிர்வாகத்திடம் பதில் கேட்டு எழுதும் அரைப் பக்கக் குறிப்பை, ‘ஹாஃப் மார்ஜின்’ என்று நாங்கள் சொல்வதை, ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஐந்து விஷயத்தை ஒரே தாளில் அடைத்தால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். குறிப்பின் முடிவில், இதனால் எந்தத் தலைப்பு எவ்வளவு கூடியது, எது எவ்வளவு குறைந்தது என்று எண்ணில் எழுதவேண்டும். அபராதத்தை வருமானமாகக் காட்டியிருந்தால், வருமானமும் உபரியும் இவ்வளவு மிகைப்படுத்தப்பட்டன, பொறுப்பு இவ்வளவு குறைத்துக் காட்டப்பட்டது என்று. இது எழுதவில்லையென்றால் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு பதில் திரும்பும்.

பதில் கூட்டத்தில் பொறுமை வேண்டும். நிர்வாகம் கணக்கைத் திருத்த ஒப்புக்கொண்டால் அதை வரவேற்றுத் திருத்திய கணக்கைச் சான்றளிப்பது நல்லது. அறிக்கையில் வரவிருந்த பாரா கைவிட்டுப் போகிறதே என்று சில குழுக்கள் வருத்தப்படுகின்றன. தணிக்கையின் வேலை கணக்கு சரியாக வெளியே போவதுதான். ‘அடுத்த ஆண்டு திருத்துகிறோம்’ என்ற வாக்குறுதிக்காகப் பாராவை விடவேண்டாம். அந்த வாக்குறுதி கொடுத்த அதிகாரி அடுத்த ஆண்டு வேறு ஊரில் இருப்பார்.

தணிக்கைத் துறையில் இல்லாத, ஆனால் ஓர் ஆணையத்தின் கணக்கைப் படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். ஆண்டறிக்கையின் பின்பகுதியில் தனித் தணிக்கை அறிக்கை இருக்கும். அதில் வரும் ‘உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகிறது’ என்ற வாசகத்தோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு முன்னால் ‘எங்கள் குறிப்புகளுக்கு உட்பட்டு’ என்று பெரும்பாலும் இருக்கும். நேராக ‘தணிக்கைக் குறிப்புகளின் நிகர விளைவு’ என்ற பத்திக்குப் போங்கள். சொத்து, பொறுப்பு, உபரி எவ்வளவு மாறியிருக்கவேண்டும் என்று அங்கே எண்ணோடு இருக்கும். மானியப் பத்தியில் வந்தது, செலவானது, மிஞ்சியது இருக்கும். கடைசியில் உள்ள இணைப்பில் அகத் தணிக்கை நடந்ததா, சொத்துகளை நேரில் சரிபார்த்தார்களா, சட்டப்படியான நிலுவைகளைச் செலுத்தினார்களா என்று இருக்கும். பிறகு முந்தின ஆண்டு அறிக்கையையும் எடுத்து, அதே குறிப்பு இரண்டிலும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், அந்த ஆண்டு நிர்வாகம் கொடுத்த பதிலைத் தேடிப் படியுங்கள்.